நான் பதித்த தரையில் என் மனைவி வழுக்கி விழுந்தாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் குளியலறை அலங்காரம் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். படங்கள் அழகாகத்தான் இருந்தன. சுவர் விளக்கு தரையில் தெரிகிறது, வாஷ்பேசின் தெரிகிறது, மூலையில் வைத்த செடிகூடத் தலைகீழாகத் தெரிகிறது. தரையில் முகம் பார்க்கலாம் என்று படத்துக்குக் கீழே பெருமையாக எழுதியிருந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பேப்பரை என் பக்கம் தள்ளினாள். இடது கையால் தள்ளினாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மணிக்கட்டு முறிந்த கை அது. இன்னமும் அந்தக் கையால் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 34 வருடம் டைல்ஸ் பதித்தவன். முட்டி இரண்டும் தேய்ந்துபோனதால் வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது. எத்தனை குளியலறைக்குத் தரை போட்டிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அவள் விழுந்தது அதில் ஒன்றில்தான், எங்கள் சொந்த வீட்டில், நான் என் கையால் பதித்த தரையில்.

கட்டட வேலை பார்ப்பவன் வீட்டுக்கு என்ன வரும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மிச்சம் மீதிதான் வரும். ஒரு பெரிய ஹாலுக்கு இறக்கியதில் நாலு பெட்டி மிஞ்சிப்போய், எடுத்துக்கொள்ளுங்கள் மேஸ்திரி என்றார் வீட்டுக்காரர். இரண்டுக்கு இரண்டு அடி, பாலிஷ் போட்ட விட்ரிஃபைட். ஹாலில் சோபாவும் டீப்பாயும் போட்டு உட்காருவதற்கான டைல்ஸ். அதைக் கொண்டுவந்து குளியலறையில் போட்டேன். ஜாயின்ட் நூல் பிடித்த மாதிரி இருந்தது. வேலை முடிந்த அன்று சாயங்காலம் வாசலில் நின்று நானே ரசித்தேன். அன்றைக்கே ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரை ஊற்றி வெறுங்காலோடு நின்று பார்த்திருந்தால் விஷயம் அப்போதே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. எந்த வீட்டிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

குளியலறையில் விழுந்தார் என்றால் குளிக்கும்போது ஷவருக்கு அடியில் விழுந்தார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவள் விழுந்தது கதவைத் திறந்து உள்ளே வைத்த இரண்டாவது அடியில். நான் குளித்துவிட்டு வந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. கொக்கியில் மாட்டிய துண்டை எடுக்கப் போனாள். ஈரம் இருக்கும் என்று தெரிந்தால் நம் கால் தானாகவே சின்ன அடியாக, தட்டையாக வைக்கும். காய்ந்த தரை என்று நினைத்தால் குதிகாலை முன்னால் வீசித்தான் நடப்போம். குதிகால் பட்ட இடத்தில் தண்ணீர் இருந்தது. கால் முன்னால் போனது, உடம்பு பின்னால் சாய்ந்தது, கையை ஊன்றிவிட்டாள். கையை ஊன்றி விழுபவர்களுக்கு மணிக்கட்டில்தான் அடிக்கடி முறியும் என்றார் டாக்டர். இந்த வயதில் இடுப்பெலும்பு தப்பியதற்குச் சந்தோஷப்படுங்கள் என்றும் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி அவள் மாவுக்கட்டோடு தூங்கிய பிறகு, நான் குளியலறையில் விளக்கைப் போட்டு, ஷவருக்கு நேராக ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். கதவோரம் குந்தி உட்கார்ந்து அது எங்கே போகிறது என்று பார்த்தேன். (குந்தி உட்கார என் முட்டி சம்மதிக்கவில்லை, வேறு கதை.) பாதித் தண்ணீர் ஒழுங்காக மூலையில் தண்ணீர் வெளியேறும் துளையின் ஜாலிக்குப் போனது. மீதி, சுவரோரமாக நகர்ந்து வந்து, கதவுக்கு உட்பக்கம் இரண்டாவது டைல்ஸில் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கி நின்றது. பளபளப்பில் அது தண்ணீர் என்றே தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. விரலால் தொட்டேன், வழவழவென்று சோப்பு.

வாட்டம் தப்பு. குளிக்கும் இடத்தில் ஓர் அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் கொடுக்க வேண்டும், ஏறக்குறைய ஐம்பதுக்கு ஒன்று. எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இரண்டடி டைல்ஸ் பலகை மாதிரி, வளையாது. மூலையில் இருக்கும் ஒரு துளையை நோக்கி நாலு பக்கமிருந்தும் சரிவு வர வேண்டுமென்றால் அதை மூலைக்கு மூலை வெட்டிப் பதிக்க வேண்டும். வெட்டினால் அழகு போய்விடும் என்று வெட்டாமல், ஒரே பக்கமாகச் சாய்த்து, வாசற்படியோடு மட்டம் சேர வேண்டும் என்பதற்காகக் கதவோரத்தை ரசமட்டம் வைத்துத் தட்டையாக விட்டிருந்தேன். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றால் மேஸ்திரிக்குத் திருப்தி. அந்தத் தட்டையில்தான் தண்ணீர் வந்து உட்கார்ந்திருந்தது.

சரி, தேங்கிய தண்ணீர் ஏன் வழுக்குகிறது? இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு நீச்சல் குள வேலையில் இருந்த பொறியாளர். மழையில் வண்டி டயர் வழுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். டயரில் வெட்டு இருந்தால் தண்ணீர் அதன் வழியே ஒதுங்கி, ரப்பர் ரோட்டைத் தொடும். வெட்டு தேய்ந்து மொழுக்கையாகிவிட்டால் தண்ணீருக்குப் போக வழியில்லை. வண்டி தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதந்து போகும். பாதத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவில் நடப்பதும் அதேதான். தரையில் கண்ணுக்குத் தெரியாத முனைகள் இருந்து அந்தப் படலத்தைக் குத்திக் கிழித்துக்கொண்டு பாதத்தைப் பிடிக்க வேண்டும். அந்த முனைகளின் உயரத்தை மைக்ரானில் அளக்கிறார்கள், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுத்தமான தண்ணீர் என்றால்கூட 10 மைக்ரானுக்குக் குறைவான சொரசொரப்பு ஆபத்து, 20-க்கு மேல் இருந்தால் பயம் குறைவு என்பது ஒரு பொதுக்கணக்கு. தலைமுடி ஒன்றின் தடிமனில் கால் பங்குக்கும் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் தேவை. ஆனால் சோப்பும் ஷாம்பூவும் எண்ணெயும் தண்ணீரைவிடக் கெட்டியானவை, எளிதில் கிழிபடாத படலம் அவை. அதற்கு முனைகள் இன்னும் உயரமாக வேண்டும். பாலிஷ் போட்ட டைல்ஸில் அந்த முனைகளைத்தான் மெனக்கெட்டுத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை, காய்ந்திருக்கும்போது பாலிஷ் டைல்ஸ் காலை நன்றாகவே பிடிக்கும். கடையில் போய் விரலால் தேய்த்துப் பார்க்கிறோம், "பிடிப்பா இருக்கே" என்கிறோம். கடையில் தண்ணீரும் இல்லை, சோப்பும் இல்லை, நாமும் செருப்போடு நிற்கிறோம். காய்ந்த டைல்ஸைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து வாங்கிக்கொண்டுவந்து, ஈரமான பிறகு வெறுங்காலோடு நடக்கிறோம். என் கடிதத்தின் விஷயமே இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை ஒட்டியதுதான்.

மேட் ஃபினிஷ் வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். மேட் என்பது வெளிச்சம் எப்படித் தெறிக்கிறது என்பதைச் சொல்வது. மங்கலாகத் தெரியும் டைல்ஸ் எல்லாம் ஈரத்தில் பிடிக்கும் என்று கட்டாயமில்லை. மேட் என்று வாங்கிவந்து, சோப்பு பட்டதும் பனிக்கட்டி மாதிரி ஆன டைல்ஸை நானே பதித்திருக்கிறேன்.

அப்புறம் அந்த எண்கள். நீச்சல் குளத்துக்கு வந்த பெட்டிகளில் "சி" என்று ஓர் எழுத்து இருந்தது. பொறியாளர் விளக்கினார். ஜெர்மனியில் தொடங்கிய ஒரு சோதனை இருக்கிறதாம். டைல்ஸ் பதித்த ஒரு பலகை மேடையில் சோப்புத் தண்ணீரை ஓடவிட்டு, ஓர் ஆள் வெறுங்காலோடு அதன் மேல் நடப்பார். விழாமலிருக்க அவரைக் கயிற்றில் கட்டியிருப்பார்கள். மேடையை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே போவார்கள். 12 பாகை வரை தாக்குப்பிடித்தால் ஏ, 18 வரை போனால் பி, 24 வரை போனால் சி. குளியலறைக்கு வேண்டிய சோதனை இதுதான், வெறுங்கால், சோப்பு. ஷவர் நிற்கும் இடத்துக்கு பி கேளுங்கள். ஆனால் கடைகளில் நமக்குச் சொல்வது பெரும்பாலும் வேறு எண், ஆர் 9, ஆர் 10 என்று. அது பூட்ஸ் போட்டுக்கொண்டு எண்ணெய் ஊற்றிய தரையில் நடந்து பார்த்தது, தொழிற்கூடங்களுக்கும் பெரிய சமையற்கூடங்களுக்கும் உரியது. அந்த வரிசை தொடங்குவதே 9-இல்தான், 13 வரை போகும். "ஆர் ஒன்பது சார், ஒன்பது!" என்று பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி விற்பனையாளர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஒன்பது என்பது அந்த வகுப்பில் கடைசி பெஞ்சு.

பெட்டியில் எதுவுமே போடவில்லையா? ஒரு சின்ன பாட்டிலில் சோப்புக் கரைத்துக் கையோடு கொண்டுபோங்கள். சாம்பிளைத் தரையில் வைக்கச் சொல்லி, மேலே ஊற்றி, செருப்பைக் கழற்றி, பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலை வைத்து முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஆய்வுக்கூடச் சோதனை ஆகாதுதான், ஆனால் இரண்டு டைல்ஸை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். நான் இதைச் செய்தபோது கடைக்காரர் முகம் சுளித்தார். துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதெல்லாம் புதிதாக வாங்குபவர்களுக்கு. ஏற்கெனவே வழுக்குகிற தரையோடு குடியிருப்பவர்கள்தான் அதிகம், நானும் அப்படித்தான் இருந்தேன். வாடகை வீடு என்றால் உடைக்கவும் முடியாது. அவர்களுக்கு நான் பட்டதையும் கற்றதையும் சொல்கிறேன்.

முதலில் தரையைக் கழுவுங்கள். சிரிக்காதீர்கள். தினமும்தானே கழுவுகிறோம் என்று என் மனைவியும் சொன்னாள். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்தால் கரையாத ஒரு மெழுகுப் படிவம் உண்டாகும். வாளியின் உட்புறம் வெள்ளையாகப் பிடிக்குமே, அதேதான். அதோடு உடம்பு எண்ணெய், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், கண்டிஷனர் எல்லாம் சேர்ந்து தரையின் சின்னச் சின்னப் பள்ளங்களை அடைத்துவிடும். சொரசொரப்பான டைல்ஸைக்கூட இது வழவழப்பாக்கிவிடும். இது சும்மா துடைத்தால் போகாது. நான் வெதுவெதுப்பான தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் கிளீனரைக் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, கட்டையான பிரஷ்ஷால் தேய்த்தேன். சாம்பல் நிறத்தில் நுரை வந்தது. எங்கள் வீடு சுத்தமான வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்! பிறகு மிஞ்சியிருந்த வெள்ளைப் படிவத்துக்கு சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீர், கொஞ்ச நேரம் மட்டும். அதன் பிறகு வெறும் தண்ணீரால் மூன்று முறை அலசி, வைப்பரால் இழுத்துவிட்டேன். அந்த அலசல்தான் முக்கியம். சோப்புத் தூளைக் கொட்டித் தேய்த்துவிட்டு அரைகுறையாகத் தண்ணீர் விட்டால், காய்ந்த தூள் தரையிலேயே தங்கி, அடுத்த ஈரத்துக்காகக் காத்திருக்கும். மறுநாள் கால் வைத்துப் பார்த்தேன். வழுக்கல் முழுக்கப் போகவில்லை, ஆனால் பாதி போயிருந்தது. பதினோரு வருடம் நாங்கள் பாதி டைல்ஸின் மேலும் பாதி சோப்பின் மேலும் நடந்துகொண்டிருந்தோம். மார்பிள் தரை உள்ளவர்கள் மட்டும் எந்த அமிலமும் போடாதீர்கள். சிட்ரிக், வினிகர்கூட மார்பிளை அரிக்கும்.

ஆசிட் ஊற்றினால் தரை சொரசொரப்பாகும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கழிப்பறை கழுவும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது டைல்ஸின் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சை ஒன்றும் செய்யாது. இடையில் உள்ள கிரவுட் சிமென்ட்டைத்தான் தின்னும். கிரவுட் போனால் தண்ணீர் அடியில் இறங்கும், அப்புறம் டைல்ஸ் தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும். அந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். கதவை மூடிக்கொண்டு உள்ளே குந்தித் தேய்ப்பவரின் நெஞ்சுக்கு அது விஷம்.

டைல்ஸ் மேற்பரப்பை உண்மையிலேயே அரித்துச் சொரசொரப்பாக்கும் மருந்து இருக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, அமோனியம் பைஃபுளோரைடோதான். கண்ணாடியையே கரைக்கும் ரசாயனம். சரியாகப் போட்டால் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டாகி, ஈரத்தில் நல்ல பிடிப்பு வரும், ஒரு நாளில் வேலை முடியும். ஆனால் கையில் பட்டால் முதலில் எரியக்கூட எரியாமல் தோலுக்குள் இறங்கி எலும்பு வரை போகும். வீட்டில் நீங்களே வாங்கி ஊற்றும் சமாச்சாரம் அல்ல இது. செய்யத் தெரிந்தவரைக் கூப்பிட்டாலும், முதலில் வாஷ்பேசினுக்கு அடியில் கண்ணில் படாத ஒரு மூலையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பளபளப்பு கொஞ்சம் மங்கும், சில டைல்ஸில் திட்டுத் திட்டாகவும் ஆகும். நான் செய்துகொள்ளவில்லை.

நான் செய்தது பட்டை ஒட்டியது. அதிலும் முதல் தடவை அசடு வழிந்தேன். படிக்கட்டுக்கு ஒட்டும் கறுப்புப் பட்டை ஒரு சுருள் வீட்டில் கிடந்தது. உப்புத்தாள் மாதிரி இருக்குமே, அதை வரிசையாக ஒட்டினேன். மறுநாள் காலையில் உள்ளேயிருந்து குரல்: "என்னங்க, குதிகால் தேய்க்கிற கல்லையா தரையில ஒட்டி வச்சிருக்கீங்க?" அது செருப்புக்காலுக்கு உரியது. வெறுங்காலுக்கென்று ரப்பர் மாதிரி மெத்தென்ற பட்டை தனியாக வருகிறது. மேலும் நான் அவசரப்பட்டு, சரியாகக் காயாத தரையில், கிரவுட் கோட்டின் குறுக்காக ஒட்டியிருந்தேன். பத்து நாளில் ஓரம் தூக்கிக்கொண்டது. தூக்கிய ஓரத்தில் கால் தட்டினால் வழுக்குவதற்குப் பதிலாகத் தடுக்கி விழ வேண்டியதுதான்.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். பிசுக்கு எடுத்து, ஒரு நாள் முழுக்க யாரையும் குளிக்கவிடாமல் காயவிட்டு, பட்டையின் நாலு மூலையையும் கத்தரிக்கோலால் வளைவாக வெட்டி (கூர்மையான மூலைதான் முதலில் உரியும்), டைல்ஸின் நடுப்பரப்பில் மட்டும், கிரவுட்டைத் தொடாமல் ஒட்டினேன். நடக்கும் திசைக்குக் குறுக்காக, நாலு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல். பாதம் எங்கே வைத்தாலும் ஏதாவது ஒரு பட்டையின் மேல் விழ வேண்டும் என்பதுதான் கணக்கு. அழுத்தித் தேய்த்துக் காற்றை வெளியேற்றி, மறுபடியும் ஒரு நாள் தண்ணீர் படாமல் விட்டேன். அது எட்டு மாதம் அசையாமல் இருந்தது.

தரையில் ரப்பர் மேட் விரித்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியில் உறிஞ்சு குமிழ் உள்ள ரப்பர் மேட், வழவழப்பான பரப்பில்தான் ஒட்டும். சொரசொரப்பான டைல்ஸிலும் கிரவுட் கோட்டின் மேலும் காற்று புகுந்துவிடும், பிடிக்காது. போட்டதும் ஓரத்தைக் காலால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அது மேட் இல்லை, சறுக்குப் பலகை. தினமும் தூக்கி மாட்டிக் காயவைக்காவிட்டால் அடியிலேயே பாசி பிடிக்கும். மணல் கலந்த தெளிவான கோட்டிங்கும் வருகிறது, சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கும் தரையில் அடித்தால் பிடிப்பு தரும், ஆனால் நடக்க நடக்கத் தேயும், திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

கடைசியில் நான் தரையைப் பெயர்த்தேன். முழுவதையும் அல்ல, குளிக்கும் இடத்தையும் கதவோரத்தையும் மட்டும். என் முட்டி ஒத்துழைக்காததால் என்னிடம் வேலை கற்ற பையன் ஒருவன் உடைக்க, நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்தேன். இரண்டு அங்குலச் சதுரச் சில்லுகள், வலையில் ஒட்டி வருமே, அதைப் பதித்தோம். சின்னச் சில்லு எந்த வாட்டத்துக்கும் வளைந்து கொடுக்கும், ஒரு வெட்டும் தேவையில்லை. ஒரு பாதத்துக்கு அடியில் ஐந்தாறு கிரவுட் கோடுகள் வந்துவிடும். தண்ணீர் ஒதுங்க அது வாய்க்கால், கால் விரல் பிடிக்க அது வரப்பு. முடிந்ததும் பையனிடம் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். கதவோரம் ஊற்றியது, ஒரு நொடி தயங்கிவிட்டு, திரும்பி, ஜாலியைப் பார்த்து ஓடியது. 34 வருடத்தில் பதித்த எந்த ஹாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

இதிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. கிரவுட் அதிகம் என்றால் அழுக்கும் அதிகம் பிடிக்கும். சிமென்ட் கிரவுட்டுக்குப் பதில் எபாக்ஸி என்ற பிசின் கிரவுட் போட்டால் கறை குறைவு, தேய்க்கும் வேலை முழுக்கப் போகாது. பிடிப்பு வேண்டும் என்று ரொம்பவும் முரடான டைல்ஸ் போட்டாலும் ஆபத்துதான். கழுவ அலுத்துப்போய் விட்டுவிடுவோம், பள்ளமெல்லாம் சோப்பு அடைத்து, மறுபடியும் பழைய கதை.

சுவரில் ஒரு கைப்பிடியும் மாட்டினேன். இதில் ஒரே ஒரு விஷயம், டவல் கம்பி கைப்பிடி ஆகாது. விழப்போகிறவர் கையில் சிக்குவதைத்தான் பிடிப்பார், டவல் கம்பி அவரோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும். கைப்பிடி என்றால் 110 கிலோவுக்கு மேல் இழுப்பைத் தாங்க வேண்டும், திருகு செங்கல் வரை இறங்க வேண்டும், கம்பி கைக்குள் அடங்கும் தடிமனில் இருக்க வேண்டும், ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை அங்குலம். உறிஞ்சு குமிழில் ஒட்டும் கைப்பிடியை நம்பாதீர்கள்.

கதவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உட்பக்கம் திறக்கும் கதவு என்றால், விழுந்தவர் கதவுக்கு முட்டுக்கொடுத்த மாதிரிக் கிடப்பார், வெளியே இருப்பவர்கள் திறக்கவே முடியாது. என் மனைவி விழுந்த அன்று நானும் தோளால் மெதுவாக நெட்டி நெட்டித்தான் உள்ளே போனேன், ஒவ்வொரு நெட்டுக்கும் அவள் முனகினாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போது கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. கீல் மாற்றும் வேலைதான், அரை நாள்.

குளியலறையில் வழுக்கி விழுவது என்றால் நம்மில் பலருக்கு ஒரு நகைச்சுவைக் காட்சி. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாகக் கணக்குச் சொல்கிறது. தற்செயலாக நேரும் காயங்களால் வரும் சாவில் சாலை விபத்துக்கு அடுத்த இடம். அத்தனையும் குளியலறையில் நடந்ததல்ல, ஆனால் ஈரமும் சோப்பும் வெறுங்காலும் ஒற்றைக்காலில் நிற்பதும் கண்ணை மூடுவதும் ஒரே இடத்தில் கூடும் அறை வீட்டில் வேறு எது? சுடுதண்ணீரில் குளித்துவிட்டு எழுந்தால் ரத்த அழுத்தம் சற்று இறங்கித் தலை சுற்றும், அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கூடுதலாக. தலை சுற்றும் ஒரு நொடியில் தரை காலைப் பிடித்தால் சமாளித்து நின்றுவிடலாம்.

டைல்ஸ் கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. மாடல் டைல்ஸை எல்லாம் சுவரில் சாய்த்து விளக்கு போட்டு வைக்கிறீர்கள். குளியலறைத் தரைக்கென்று விற்பதை மட்டும் தரையில் ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு குவளை சோப்புத் தண்ணீரும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்துவிடுங்கள். பெட்டியின் மேல் வெறுங்கால் சோதனையில் என்ன எழுத்து வாங்கியது என்று பெரிதாக அச்சடிக்கச் சொல்லுங்கள். என்னைப் போன்ற மேஸ்திரிகளுக்கும் சொல்கிறேன், வீட்டுக்காரர் பாலிஷ் டைல்ஸைக் கொண்டுவந்து குளியலறையில் போடச் சொன்னால், ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னதே இல்லை. கூலி வந்தால் சரி என்று பதித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கும் இப்போது என் வயதுதான் ஆகியிருக்கும். அவர்களில் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே கதவோரம் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது, ஆனால் அது என் மனைவி சொன்னது. அடுத்த முறை குளியலறைப் படம் எடுக்கப் போகும் புகைப்படக்காரர், தரையில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கேமராவோடு உள்ளே போய் நின்று எடுக்கட்டுமாம்.

இப்படிக்கு,
வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டைல்ஸ் மேஸ்திரி